தள்ளாட்டத்துக்குத் தண்ணி மட்டும்தான் காரணமா?



எங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மனிதர் பட்டப்பகலில் தள்ளாடி நடந்தால், பார்க்கிறவர்கள் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். புதுச்சேரி ஆயிற்றே! "காலையிலேயே ஏத்திக்கிட்டாரு" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். என் மச்சானுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆனது. பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் சரித்திரம் நடத்தியவன் என்பதால், தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த நோயின் சரித்திரத்தையே தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவர் அப்பா, அதாவது என் மாமனார், ஒரு சொல்தா. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீட்டில் காலையில் இட்லி, தோசை கிடையாது. ரொட்டிக்கடையிலிருந்து வரும் நீளமான ரொட்டி, வெண்ணெய், காபி. மாமனார் காலமான பிறகும் மச்சான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாறினாள். அவர் ரொட்டியிலேயே இருந்தார்.

ஆலை வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, 2014ல் தொல்லை ஆரம்பித்தது. மூலக்குளம் பக்கம் சைக்கிளில் போனவர் வளைவில் விழுந்தார். யாரும் மோதவில்லை, தானாக விழுந்தார். பிறகு மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். கால்களை அகட்டி வைத்து, படகில் நிற்பவர் மாதிரி நடந்தார். சட்டைப் பித்தான் போட நேரம் பிடித்தது. போனில் பேசினால் நாக்கு குழறியது.

2016ல் என் மகன் கல்யாணம். வரவேற்பு நடக்கும் மண்டபத்தில், கையில் தட்டோடு எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டார். நான் மனைவியின் காதோரம், "உங்கண்ணன் இன்னிக்குமா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அவர் காதில் விழுந்துவிட்டது. தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "மாப்ள, நான் குடிக்கலை" என்றார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார், அவ்வளவுதான் அவர் குடி. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பார்த்த இடங்களில் சொன்ன காரணங்களும் அர்த்தமில்லாதவை அல்ல. அவருக்குச் சர்க்கரை உண்டு, சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுக்கும். சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையும், அது குறைந்தாலும் நடை தடுமாறும். மூன்றாவது காரணம் நம் ஊர்க் காரணம். குடி சிறுமூளையைச் சுருக்கும் என்பது உண்மைதான். எனவே பி12 ஊசி போட்டார்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள், குடிக்காதவரைக் குடிக்காதே என்றார்கள். "ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்றும் சொன்னார்கள். அவரும் சொன்னபடி கேட்டார். காலையில் ரொட்டி, இரவில் சப்பாத்தி. நடை இன்னும் மோசமாயிற்று.

2018ல் ஒரு இளம் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். மூக்கைத் தொட்டுவிட்டுத் தன் விரலைத் தொடச் சொன்னார். ஒரு குதிகாலுக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஸ்கேனில் சிறுமூளையின் நடுப்பகுதி சுருங்கியிருந்தது. பரம்பரைத் தள்ளாட்ட நோய்களுக்கான மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, காலையில என்ன சாப்பிடுவீங்க?" நான்கு வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு ரத்தச் சோதனை எழுதினார். கோதுமைப் புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அவர் ரத்தத்தில் நிறைய இருந்தன. குளூட்டன் அட்டாக்சியா என்று நோய்க்குப் பெயர் சொன்னார்.

அட்டாக்சியா கிரேக்கச் சொல். ஒழுங்கின்மை என்று பொருள். கை, கால், நாக்கு எல்லாம் பலத்தோடு இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்காது. குளூட்டன் எது என்று தெரிய பரோட்டாக் கடைக்குப் போனால் போதும். மாஸ்டர் மாவை வீசி விரிக்கும்போது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன். கோதுமையில் உள்ள புரதம். பார்லியிலும் ரை தானியத்திலும் அதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் கிடையாது.

ரொட்டி தின்றால் தள்ளாட்டமா? நான் நம்பவில்லை. படித்த பிறகுதான் தெரிந்தது, மருத்துவ உலகமே இதை நம்ப நெடுங்காலம் எடுத்துக்கொண்டது என்று.

கோதுமையால் வரும் நோய் முதலில் வயிற்று நோயாகத்தான் அறிமுகமானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கப்படோக்கியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், தின்றது செரிக்காமல் வெளியேறி, உடம்பு இளைத்துப்போகும் நோயை எழுதிவைத்தார். வயிற்றுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து அவர் சொன்ன பெயர்தான் இன்றைய சீலியாக். 1887ல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். மறு வருடம் அது அச்சில் வந்தது. வயிறு உப்பி, கை கால் சூம்பி, வெளுத்த மலம் போகும் குழந்தைகளை அவர் வர்ணித்தார். இதற்குக் குணம் உண்டென்றால் அது சாப்பாட்டின் வழியாகத்தான் வரும் என்பதையும் சரியாகச் சொன்னார். எந்தச் சாப்பாடு என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஹாலந்து நாட்டுச் சிப்பிகளைத் தினமும் சாப்பிட்டு ஒரு குழந்தை தேறியதைக் குறித்துவைத்தார். சிப்பி முடிந்த பிறகு குழந்தை பழையபடி ஆகிவிட்டது.

1924ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கண்டுபிடித்தார். ரொட்டி, பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வாழைப்பழமாகக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தன. வாழைப்பழத்தில் ஏதோ மகிமை இருக்கிறது என்று ஹாஸ் நம்பினார். நிறுத்திய ரொட்டியில் விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. கொடுத்ததைக் கவனிக்கிற நாம் நிறுத்தியதைக் கவனிப்பதில்லை. இது வைத்தியத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயமல்ல.

ரொட்டியைப் பிடித்தவர் வில்லெம் கரெல் டிக்கே. ஹாலந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர். கோதுமையை நிறுத்தினால் குழந்தைகள் தேறுவதை 1930களிலேயே கவனித்து, 1941ல் எழுதவும் செய்தார். அவருக்குப் பெரிய சாட்சி யுத்தத்தில் கிடைத்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கொடிய பஞ்சம். ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். ஊரே நலிந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின, ஏனென்றால் ரொட்டி கிடைக்கவில்லை. பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டன. 1950ல் டிக்கே இதையெல்லாம் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். 1950களின் நடுவில் சிறுகுடலின் உள்தோலைத் துளி கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வழியும் வந்தது. ஆரோக்கியமான சிறுகுடலின் உள்ளே பூந்துவாலை மாதிரி சின்னச் சின்ன நீட்சிகள் இருக்கும். அவைதான் சத்தை உறிஞ்சுகின்றன. சீலியாக் நோயில் அவை தேய்ந்து, துவாலை சிமெண்டுத் தரையாகிவிடும். அதன் பிறகு மருத்துவர்களுக்குச் சீலியாக் என்றால் குடல் என்று ஆகிவிட்டது.

இப்போது நமக்குப் பக்கத்தில் வேலூருக்கு வருவோம். தமிழ்நாட்டு மருத்துவர்கள் தேய்ந்த குடலை அறியாதவர்கள் அல்லர். 1960 முதல் 1962 வரை வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், ரத்தசோகை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஜே. பேக்கரும் வி.ஐ. மாதனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. ஸ்ப்ரூவிலும் குடலின் நீட்சிகள் தேயும். ஆனால் கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபோலிக் அமிலமும் பி12ம் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் தேறுவார்கள். இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். நோயே இல்லாத நம் ஊர்க்காரர்களின் குடலும் மேல்நாட்டுக்காரர்களின் குடல் மாதிரி இருப்பதில்லை, ஓரளவு தேய்ந்துதான் இருக்கிறது. ஆகவே தென்னாட்டில் குடல் தேய்வைப் பார்க்கும் மருத்துவருக்கு ஸ்ப்ரூதான் முதலில் நினைவுக்கு வரும். சோறு தின்கிற ஊரில் கோதுமை நோயை எதற்கு நினைக்க வேண்டும்?

1966ம் வருடத்தில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வாலியா, காய் முதலிய நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியது. சீலியாக் வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணத்தை அது தகர்த்தது. வட இந்தியக் குழந்தைகளுக்கும் அது வருகிறது என்று காட்டியது. இன்னொன்று பர்மிங்காமைச் சேர்ந்த குக், ஸ்மித் இருவரும் நரம்பியல் பத்திரிகை ஒன்றில் எழுதியது. சீலியாக் உள்ள பெரியவர்களில் நரம்புத் தொல்லையும் இருந்த 16 பேரை அவர்கள் விவரித்தார்கள். 16 பேருக்குமே நடையில் தள்ளாட்டம். இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்ததில், சிறுமூளையின் புர்கிஞ்சி செல்கள் அழிந்திருந்தன. இவை 1837ல் செக் விஞ்ஞானி புர்கிஞ்சி விவரித்த பெரிய நரம்பு செல்கள். நடையின் தாளம் இவற்றின் பொறுப்பு. போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

இரண்டையும் சேர்த்து யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் குக், ஸ்மித் கண்டதற்கு எல்லாரும் சுலபமான விளக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். அந்த 16 பேரும் மெலிந்து, ரத்தசோகையோடு, வைட்டமின் இல்லாமல் இருந்தவர்கள். குடல் கெட்டது, சத்து சேரவில்லை, அதனால் நரம்பு கெட்டது என்று முடித்துக்கொண்டார்கள். வயிற்றுத் தொல்லை இல்லாதவருக்குக் கோதுமையால் மூளை கெடும் என்று யாரும் எண்ணவில்லை. முப்பது வருடம் அப்படியே போயிற்று.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நரம்பியல் மருத்துவர் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியோ கேள்வியைத் திருப்பிப் போட்டார். அதுவரை சீலியாக் நோயாளிகளிடம் நரம்புத் தொல்லையைத் தேடினார்கள். அவர் காரணம் தெரியாத நரம்பு நோயாளிகளிடம் கோதுமை எதிர்ப்பைத் தேடினார். 1996ல் லான்செட் பத்திரிகையில் முடிவுகள் வந்தன. காரணம் தெரியாத 53 நோயாளிகளில் 57 சதவீதம் பேரின் ரத்தத்தில் கோதுமைப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருந்தது. காரணம் தெரிந்த நரம்பு நோயாளிகளில் 5 சதவீதம்தான். ஆரோக்கியமாக ரத்த தானம் செய்தவர்களில் 12 சதவீதம். எதிர்ப்பொருள் இருந்தவர்களில் 26 பேரின் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் தேய்வு 9 பேருக்குத்தான். 7 பேரின் குடல் முழு ஆரோக்கியம். அதாவது, வயிறு ஒழுங்காக இருக்க, சிறுமூளை மட்டும் பாதிக்கப்படலாம்.

எப்படி? கோதுமைப் புரதத்தை எதிரி என்று தவறாக நினைத்து உடம்பு ஆயுதம் தயாரிக்கிறது. அந்த ஆயுதம் புர்கிஞ்சி செல்களையும் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. ஆள்மாறாட்டம் மாதிரிதான். நரம்புகளில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் 6 என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளை 2008ல் இதே குழுவினர் இத்தகைய நோயாளிகளிடம் கண்டார்கள்.

எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. ரத்த தானம் செய்தவர்களிலேயே 12 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதே, அப்படியானால் அது இருப்பதாலேயே நோய் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்றும் மற்ற காரணங்களை எல்லாம் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். 2003ல் ஷெஃபீல்டு குழுவினர் உணவுச் சிகிச்சை முடிவுகளை வெளியிட்டார்கள். கோதுமையைச் சுத்தமாக விட்ட 26 பேரையும், விட மறுத்த 14 பேரையும் ஒரு வருடம் கவனித்து ஒப்பிட்டார்கள். விட்டவர்களின் நடை, கை இயக்கம் தேறியது. குடல் கெட்டிருந்தாலும் கெடாவிட்டாலும் தேறியது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் நம்பிக்கை தந்தது. சீக்கிரம் விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் பிழைக்கும். தாமதித்தால் போனது போனதுதான்.

சரி, சோறு தின்கிற நமக்கு இது எதற்கு? 2016ல் பி.எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா முதலிய மருத்துவர்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்று பகுதிகளிலும் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேர், வடகிழக்கே 4.66, தெற்கே 0.11. தெற்கே இல்லை என்றே சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த நோய்க்கு அடித்தளமான மரபணு வகைகள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும், தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தன. ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம். அந்த மரபணு இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வந்துவிடாது, மிகச் சிலருக்குத்தான் வரும். ஆனால் தென்னாட்டு ரத்தம் நம்மைக் காப்பாற்றவில்லை, சோறுதான் காப்பாற்றியிருக்கிறது என்பது அந்த ஆய்வைப் படித்து நான் புரிந்துகொண்டது.

இந்த வரியைப் படித்தபோது மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசை என் கண்ணில் நின்றது. வட இந்தியர்களைப் போல மூன்று வேளையும் கோதுமை இல்லை என்றாலும், தென்னாட்டுச் சராசரியைப் போலப் பல மடங்கு, பிறந்ததிலிருந்து. அதன் மேல் சர்க்கரைக்காகச் சப்பாத்தி. நம் தலைமுறையையும் நினைத்துப் பாருங்கள். 1960களின் அரிசிப் பஞ்சத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. வேண்டாவெறுப்பாகக் கோதுமை உப்புமா தின்றோம். இன்று யாரும் கட்டாயப்படுத்தாமலே பரோட்டா, பிஸ்கட், பன், ராத்திரி சப்பாத்தி என்று வந்துவிட்டோம். அந்த 25 கிராம் கணக்கு நம் தெருவில் இனியும் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம்.

மச்சானின் வைத்தியம் மருந்துக்கடையில் இல்லை, அடுப்படியில் இருந்தது. ரொட்டி, சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்துவது சுலபம். மறைந்திருக்கும் கோதுமைதான் சிரமம். ரவை கோதுமைதான் என்பது அவருக்கே தெரியாது. 'ரொட்டியை விட்டாச்சு' என்று தினமும் ரவை உப்புமா தின்றுகொண்டிருந்தார். சேமியாவும் பெரும்பாலும் அப்படியே. மால்ட் கலந்த பானங்களில் பார்லி. பெரிய ஆச்சரியம் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகளில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறது. மச்சானின் மனைவி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு டப்பாக்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையைக் கூடத் தனியாக வைத்தார்கள். சர்க்கரைக்குக் கேழ்வரகும் கம்பும் அளவோடு சோறும் என்று உணவு ஆலோசகர் பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

முதல் ஆறு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. "விட்டுடலாம் மாப்ள, ஒரு துண்டு ரொட்டி குடுங்க" என்று சிறுபிள்ளை மாதிரி கேட்டிருக்கிறார். ஒரு வருடம் ஆனபோது ரத்தத்தில் எதிர்ப்பொருள் மறைந்திருந்தது. நாக்குக் குழறல் குறைந்தது. சுவரைப் பிடிக்காமல் கழிப்பறை வரை போனார். அன்று அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள், சேமியா இல்லாமல். சைக்கிள் மறுபடி ஏறவில்லை, இனி ஏறவும் முடியாது. கைத்தடி உண்டு. ஆனால் அதற்கு மேல் மோசமாகவில்லை. நான்கு வருடம் முன்பே கண்டுபிடித்திருந்தால் என்ற எண்ணம் வரும். அதற்கு மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குடி என்று நாங்களே முடிவு கட்டியதால் வீட்டிலும் ஒரு வருடம் போயிற்று.

இதைப் படித்துவிட்டு நாளையே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். தலைச்சுற்றல், மரத்துப்போவது, தடுமாற்றம் எல்லாம் நம் வயதில் நூறு காரணத்தால் வரும். பெரும்பாலும் சர்க்கரை, பி12, காது, ரத்த அழுத்தம் என்றுதான் இருக்கும். கோதுமைதானோ என்று சந்தேகம் வந்தாலும், ரத்தம் கொடுக்கும் முன் அதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று சோதனை சொல்லிவிடும். காரணம் தெரியாத தள்ளாட்டம் என்று மருத்துவர் சொன்னால் மட்டும், "இந்தச் சோதனையும் பார்க்கலாமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மச்சான் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. அது கோதுமையாகத்தான் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இந்த நோய் உள்ளவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் உட்கொள்ளலாம் என்று 2003ல் ரோமாபுரியிலிருந்து வந்த கடிதத்தில் இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் சொன்னதும், அப்பத்துண்டு கலக்காத தனிக் கிண்ணம் ஒன்றை மச்சானுக்காக ஏற்பாடு செய்தார். வரிசையில் எல்லாரும் அப்பம் வாங்க, கைத்தடியோடு மச்சான் மட்டும் போய்க் கிண்ணத்தில் ஒரு வாய் அருந்திவிட்டு வருகிறார். முதல் வாரம் பின் பெஞ்சில் யாரோ கிசுகிசுத்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானே சொன்னதுதானே. திரும்பி, "அவருக்குக் கோதுமை ஆகாது, அதுதான்" என்றேன்.

கல்யாண மண்டபத்தில் கேட்டதற்கு நான் இன்னும் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு இப்போது சின்ன எழுத்து படிக்கச் சிரமம். சாயங்காலம் போய் இதை உட்கார்ந்து படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.